இடுப்பைத் திருப்பச் சொல்லிப் பிழைக்கிறேன்

தென்காசியில் பேஸ்பால் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: தொழிலில் போட்டிக்கு ஆள் கிடையாது, அது என்ன தொழில் என்று புரிந்துகொள்ளவும் ஆள் கிடையாது.

நான் இயற்பியலில் முதுகலை படித்தவள். கல்லூரியில் பேஸ்பால் ஆடியவள். இரண்டும் சேர்ந்தால் அரசாங்க வேலை வீடு தேடி வரும் என்று யாரோ சொன்னார்கள். வீடு மாறிப் போய்விட்டது போலிருக்கிறது. குத்துக்கல்வலசையில் புதுவீடுகளுக்கு நடுவே விலைபோகாமல் கிடந்த ஒரு நிலத்தை வாடகைக்குப் பிடித்து, வலை கட்டி, மட்டை வீசுவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் ஆள் அனுப்பியே பழகிய வீடுகளைச் சேர்ந்தவர்கள். மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் தொங்கிக்கொள்ள ஒரு கயிறு கிடைக்கும். கிரிக்கெட்டில் அந்தக் கயிற்றுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. பேஸ்பாலில் வரிசை சின்னது. எங்கள் மாவட்டத்துக்கு இந்த விளையாட்டின் மேல் உள்ள தீராக் காதல் அவ்வளவுதான்.

தையல், யோகா, ஹிந்தி, கார் ஓட்டுவது என்று எதையாவது பிறருக்குச் சொல்லிக்கொடுத்துக் கஞ்சி குடிக்கும் சக அவஸ்தைக்காரர்களே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

அது கிரிக்கெட்தானே?

நிலத்துக்காரர் அண்ணாச்சி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டார், ஆனால் மேற்பார்வை பார்க்கிற பழக்கத்தைக் கொடுக்கவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் என்னை மேற்பார்வை பார்க்க வருவார். இது கிரிக்கெட் இல்லை என்று அவருக்குப் புரியவைப்பதே எனக்கு ஒரு மாதப் பாடத்திட்டமாக இருந்தது.

கிரிக்கெட்டில் மட்டை தட்டையாக இருக்கும், இதில் உருண்டை. அதில் பந்து தரையில் குத்தி வரும், இதில் நேரே வரும். பந்து வந்து சேருவதற்குள் கண் இமைக்கிற நேரம்தான் கிடைக்கும் என்பதால் மட்டையின் வேகம்தான் இதில் எல்லாம். இப்படி நான் உருகி உருகி விளக்க, அண்ணாச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக, "அடிச்சவுடனே மட்டையைக் கீழே போட்டுட்டு ஓடணும் அண்ணாச்சி" என்றேன். அதுவரை இருந்த மரியாதை அவர் முகத்திலிருந்து அப்படியே வடிந்துவிட்டது.

"கீழ போட்டுட்டு ஓடுததுக்கு எதுக்கும்மா கோச்சிங்கு? எங்க வீட்டுப் பயலுவ பரீட்சையில பேனாவக் கீழ போட்டுட்டு ஓடியாரானுவ, அவனுவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

வேங்கை மட்டை

செங்கோட்டையில் மர அறுவை மில் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் தன் மகனைச் சேர்த்துவிட்டார். மறுநாளே ஒரு மட்டையோடு வந்து இறங்கினார். இறங்கினார் என்றால் மட்டையை ஒரு ஆளும் இவரை ஒரு ஆளும் பிடித்து இறக்கினார்கள். சொந்த மில்லில், சொந்த மேற்பார்வையில், நன்றாகக் காய்ந்த வேங்கையில் கடைந்தது. அதை நாலு பேர் பிடித்து வாசல் நிலைக்கு வைத்திருந்தால் வீடு தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கும்.

நான் கரும்பலகையை எடுத்தேன். மட்டையின் எடையை இரண்டு மடங்காக்கினால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்குதான் ஆகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி நாலு மடங்காகும். எடை கூடினால் அதைச் சுழற்றவே ஆளுக்கு மூச்சு முட்டும், வேகம் செத்துப்போகும். ஆகவே தூக்கச் சுலபமான மட்டைதான் நல்லது என்றேன். இதற்குள் மகன் வேங்கையைச் சுழற்றத் தொடங்கியிருந்தான். பந்து அவனைத் தாண்டி, வலையில் பட்டு, உருண்டு, அவன் காலடிக்கே திரும்பி வந்து நின்ற பிறகுதான் மட்டை முன்னால் வந்தது. முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க சொல்லுதது சரிதான் டீச்சர். அப்போ பந்தை கொறச்சு மெதுவாப் போடச் சொல்லுங்க. மட்டை இதுதான், வேங்கை வீணாப் போவக் கூடாது பாத்துக்கிடுங்க."

எண்ணெய்க் குளியல்

மட்டையைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், நுனிக்கு வேகம் போய்ச் சேராது. இது உண்மை. இந்த உண்மையைப் பேச்சிமுத்து என்கிற வாலிபனிடம் சொன்னது என் தவறு. "உடம்பு தளர்வா இருக்கணும்லே, விறைச்சுக்கிட்டு நிக்காத" என்றேன். அது குற்றாலத்தில் சீசன் நேரம். அவன் நேரே மெயின் அருவிக்குப் போய், எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவரிடம் தலை முதல் பாதம் வரை உடம்பை ஒப்படைத்துவிட்டான். அருவியில் கூட்டம் அதிகம் என்று குளிக்காமலே பயிற்சிக்கு வந்து நின்றான்.

முதல் வீச்சு. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான வீச்சைப் பார்த்ததில்லை. இறுக்கமே இல்லை, கையில் மட்டையும் இல்லை. அது வலையைத் தாண்டி, பக்கத்து மனையில் அப்போதுதான் போட்டு மட்டப்படுத்திய கான்கிரீட் தளத்தில் தலைகீழாகக் குத்தி நின்றது. நான் மன்னிப்புக் கேட்க வேலியோரம் ஓடினேன். கொத்தனார் மட்டையைப் பிடுங்கி, கழுவி, துடைத்து எடுத்து வந்தார். நல்ல மனிதர்.

"மேடம், பில்லரு எங்கன வரணும்னு இஞ்சினியரு காட்டிருக்காரு. நீங்க அனுப்ப வேண்டாம்."

கோழியியல்

ராஜையா சார் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். சனிக்கிழமைகளில் எனக்கு உதவிக்கு வருவார். உதவி என்றால், நான் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்வார். நான் காலை ஊன்றும் கோணத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முட்டையைப் பற்றிப் பேசுவார். நான் திருப்பு விசை என்பேன், அவர் நெஞ்செலும்பு சூப்பு என்பார். பிள்ளைகள் என் பக்கம் தலையாட்டிவிட்டு அவர் பக்கம் போய் நிற்பார்கள். என்ன இருந்தாலும் இயற்பியல் விதியை விடக் குழம்பு மணமாக இருக்கிறது. ஒருநாள் நான் கரும்பலகையில் அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளியதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"வேகம் கோழிக்குழம்புல கெடக்கு மேடம். நீங்க அதைப் பலகையில போயித் தேடுதீய."

இடுப்பு

இசக்கியம்மாள் அச்சன்புதூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். நெல் விவசாயம் பார்க்கிற வீடு, அண்ணன் ராணுவத்தில். இவளுக்குப் போலீஸாக ஆசை. அந்த வீட்டில் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி தாய்மாமனுடையது. தீர்ப்பு இதுதான்: இந்த வருடம் மாநில அணியில் இடம் கிடைத்தால் போலீஸ் தேர்வுக்குப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் கல்யாணம், மாப்பிள்ளை தயார். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதால் துணைக்கு அம்மாவும் தினமும் வருவார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் மகள் மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டார்.

இசக்கி புல்லுக்கட்டு சுமந்து பழகியவள், கையில் பலம் இருந்தது. கண்ணும் கூர்மை, அவள் மட்டையில் படாமல் பந்து தப்பியதே இல்லை. ஆனால் பட்ட பந்து நாலு எட்டு போய்ப் படுத்துக்கொள்ளும். ஏனென்றால் அவள் கையால் மட்டும் அடித்தாள். மட்டையின் வேகம் கையில் பிறப்பதில்லை. முன்காலை ஊன்றும்போது தரை திருப்பித் தள்ளுகிறதே, அங்கே பிறக்கிறது. அந்தத் தள்ளல் இடுப்பைத் திருப்ப வேண்டும். இடுப்பு சட்டென்று நிற்க, வேகம் தோளுக்குப் போகும். தோள் நிற்க, கைக்குப் போகும். கை தயங்க, மட்டையின் நுனிக்குப் போகும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டை உதறும்போது கை நின்ற பிறகுதான் நுனி சொடுக்கும், பார்த்திருப்பீர்கள். இசக்கியிடம் எல்லாம் இருந்தது. இடுப்பு மட்டும் கோயில் தூண் மாதிரி நின்றது. படம் போட்டுக் காட்டினேன், நானே திருப்பிக் காட்டினேன். தலையை நன்றாக ஆட்டுவாள். இடுப்பை ஆட்ட மாட்டாள்.

ஒருநாள் பொறுமை போய், "இடுப்ப ஆட்டு இசக்கி, நல்லா ஆட்டு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மனையில் கலவை இயந்திரம்கூட நின்றுவிட்டது. வேப்பமரத்தடியிலிருந்து அம்மா எழுந்து வந்தார். கோபமெல்லாம் இல்லை, நியாயம் கேட்கிற குரல்தான்.

"இருவத்திமூணு வருசமா ஆட்டாதட்டி ஆட்டாதட்டின்னு நான் அடக்கி வச்சிருக்கேன் டீச்சர். நீங்க ஃபீஸ வாங்கிக்கிட்டு ஆட்டச் சொல்லுதீய."

காதணி விழாத் திரை

எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த விசையைப் பற்றி எழுதவில்லை. ஒரு பெண் நடக்கும்போது, குனியும்போது, குடம் தூக்கும்போது இடுப்பு தெரியக் கூடாது என்று பிறந்ததிலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும் விசை. நான் யோசித்தேன். சாலையில் ஷேர் ஆட்டோ போகிறது, பக்கத்தில் கட்டட வேலைக்காரர்கள் நிற்கிறார்கள், அதுதான் பிள்ளைக்குக் கூச்சம் என்று முடிவுகட்டினேன். முதுகலை படித்த மூளை அல்லவா, முடிவு உடனே வந்துவிடும். தெரிந்த கடையிலிருந்து பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை வாங்கித் தைத்து வலையைச் சுற்றிக் கட்டினேன். ஒரு காதணி விழாக் குழந்தையும் அதன் தாய்மாமன்கள் எட்டுப் பேரும் கைகூப்பியபடி எங்களைக் காவல் காத்தார்கள். வேப்பமரம் திரைக்கு வெளியே போய்விட்டது.

உள்ளே பந்தே இல்லாமல் வீசச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, காற்றைக் கிழிக்கிற 'விர்' சத்தம் எங்கே கேட்கிறது என்று சொல்ல வேண்டும். கையால் அடித்தால் சத்தம் காதுக்குப் பின்னாலேயே வந்து தீர்ந்துவிடும். இடுப்பு முந்தினால் சத்தம் உடம்புக்கு முன்னால், பந்து வருகிற இடத்தில் கேட்கும். கொஞ்ச நாளில் இசக்கியின் சத்தம் முன்னால் நகர்ந்தது. பிறகு பந்து போட்டேன். வலை அதிர்ந்தது, தாய்மாமன்களில் ஒருவருக்கு முகத்தில் ஓட்டை விழுந்தது. இசக்கி சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வெளியே வந்தால், திரை கட்டுவதற்கு முன்பு நின்றதை விட மூன்று பங்கு கூட்டம். கொத்தனார் முன்வரிசையில் நின்றார், முகத்தில் நிஜமான வருத்தம்.

"பேஸ்பாலுன்னா மறைச்சு வச்சு ஆடுத ஆட்டமா மேடம்? முன்னாடியே சொல்லிருந்தா நாங்க அப்பமே நல்லாப் பாத்திருப்போம்லா."

சும்மா வந்தோம்

ஐப்பசிச் சாரலில் ஒரு மாலை இரண்டு பெண்கள் ஈரத்தலையும் நேந்திரங்காய் சிப்ஸ் பையுமாக வந்து இறங்கினார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் சும்மா வந்தார்களாம். குற்றாலத்திலிருந்து அவர்கள் ஊருக்குப் போகிற வழி எங்கள் பக்கமே கிடையாது. ஒருத்தி தயாராக இருக்கும் மாப்பிள்ளையின் அம்மா, இன்னொருத்தி அத்தை என்று இசக்கியின் அம்மா பதறி எழுந்ததிலிருந்தே தெரிந்துகொண்டேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நேரே திரைக்குப் போய், ஓட்டை விழுந்த தாய்மாமன் முகத்தில் ஆளுக்கு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்கள்.

உள்ளே இசக்கி ஒன்றும் தெரியாமல் விளாசிக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்து, சிப்ஸில் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா சம்பந்தியாகப் போகிறவரிடம் தன் முடிவைச் சொன்னார். இசக்கியின் அம்மா தூக்குவாளியின் மூடியை ஓங்கி அறைந்து மூடினார்.

"பிள்ள நல்லாத்தான் வீசுதா. வேல கெடச்சிட்டுன்னா சொல்லி விடுங்க, தேதி குறிச்சிருவோம். கெடைக்கலன்னா தையிலயே முடிச்சிருவோம், ஆனா இந்த வீச்செல்லாம் இங்கனயே விட்டுட்டு வந்துரணும். வீடு தூத்துப் பெருக்க இவ்வளவு வீச்சு வேண்டாம்லா."

தேர்வு

மாநில அணித் தேர்வு திருநெல்வேலியில் ஒரு திறந்த மைதானத்தில் நடந்தது. ஆளுக்குச் சில பந்துகள்தான். அடிப்பதைப் பார்த்துப் பெயர் எழுதுவார்கள், அல்லது எழுத மாட்டார்கள். திரையும் கிடையாது, கைகூப்பும் தாய்மாமன்களும் கிடையாது. நிஜத் தாய்மாமன் மட்டும் வழியெல்லாம் போனில் இருந்தார். மைதானத்தைச் சுற்றி ஆண்கள் கூட்டம். இசக்கி மட்டையோடு போய் நின்றாள். முதல் பந்தைக் கையால் தட்டினாள், அது நாலு எட்டில் படுத்தது. இரண்டாவதும் அப்படியே. இடுப்பு மறுபடி தூண் ஆகிவிட்டது. தேர்வாளர் பேனாவுக்கு மூடி போட்டார். இத்தனை மாதப் பாடமும் போச்சே என்ற கவலை எனக்கு. அவளுக்குப் போவது அவள் வாழ்க்கை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் அவள் கண் ஓரமாக ஓடி ஒரே இடத்தில் போய் நின்றது. சுற்றுச்சுவரை ஒட்டிய மர நிழலில், தூக்குவாளியை மடியில் வைத்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம். ஷேர் ஆட்டோவும் கொத்தனாரும் பாவம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. திரை கட்டியபோது எது மறைந்ததால் இடுப்பு திரும்பியது என்பது எனக்கு மைதானத்தில் நின்றபோதுதான் உறைத்தது. நான் புரிந்துகொண்ட அதே நேரத்தில் அம்மாவும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எழுந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டார். அப்படியே திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

இசக்கி ஒரு கணம் அந்த முதுகையே பார்த்தாள். அடுத்த பந்து வந்தது. முன்கால் ஊன்றியது, இடுப்பு சுழன்று நின்றது, தோள் வந்தது, கை வந்தது, 'விர்' சத்தம் வர வேண்டிய இடத்தில் வந்தது. பந்து எதிர்ப்பக்க வேலியைத் தாண்டிப் போய் எங்கோ ஒரு தகரக் கூரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்ததும் தாண்டியது. தேர்வாளர் பேனா மூடியை மறுபடி கழற்றினார். கூட்டம் கைதட்டியது, நான் அழுதுவிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் மட்டும் கடைசிப் பந்துவரை திரும்பவே இல்லை.

சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். இசக்கியம்மாள் பெயர் இருந்தது. தாய்மாமனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது போலீஸ் தேர்வுக்குப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். திரும்பும் பஸ்ஸில் இசக்கி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, பந்து எவ்வளவு உயரம் போனது, எந்தப் பக்கம் போனது, யார் யார் கைதட்டினார்கள் என்று ஆலங்குளம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்புட்டுத் தூரம் போயிருக்கு, நான் ஒருத்திதான் பாக்கல டீச்சர். அடுத்த தடவ நேராவே உக்காருதேன், ஆட்டுனா ஆட்டட்டும்."

மட்டையில் வேகம் வரக் காலும் இடுப்பும் தோளும் கையும் இந்த வரிசையில் திரும்ப வேண்டும் என்றுதான் நான் படித்த புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அம்மா திரும்பி உட்கார வேண்டும் என்பதை எழுத அந்தப் புத்தகக்காரர்களுக்குப் பக்கம் போதவில்லை போலிருக்கிறது.